ஒன்று விட்டு ஒன்று

பெங்களூர் பீன்யாவில் முப்பது மீட்டர் நீளத்துக்கு நான்கு துணி பிரிண்டிங் டேபிள் போட்டவன் நான். முதல் டேபிளுக்கான கடப்பாக் கல்லை லாரியிலிருந்து இறக்கும்போது தோள் கொடுத்தவனும் நான்தான். அந்தத் தோள் இன்றைக்கும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லும். காற்றில் பறந்துபோன தகரக் கூரையை மூன்று தடவை மறுபடி போட்டேன். இரண்டு இடத்தில் வெறும் புழுதி கிளம்பிய நிலத்தில், மூன்றாவது இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். தொம்மலூரில் இரண்டு மாடி வீடு கட்டினேன். மகளைப் பல் டாக்டர் ஆக்கினேன். இத்தனையும் செய்தவன் வாணியம்பாடியில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் என்பதைப் படிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ‘உனக்கெல்லாம் எதுக்குப்பா லோன்’ என்று கேட்ட பேங்க் மேனேஜர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை அச்சடித்துக் கொடுத்ததும் என் டேபிள்தான்.

துணியில் நான் அடிக்காதது எதுவும் இல்லை. காலையில் ஒரு கட்சிக் கொடி அடிப்போம். மத்தியானம் டேபிளைத் துடைத்துவிட்டு அதிலேயே எதிர்க்கட்சிக் கொடி அடிப்போம். டேபிள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. காலையில் வாசலுக்குப் பால் வாங்க வரும் பெண்களின் நைட்டியில் இருக்கும் பூக்களில் பாதி என் ஷெட்டில் பூத்தவை. தொழிலுக்கு நான் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: துணியில் காலி இடம் தெரியக் கூடாது. இரண்டு பூவுக்கு நடுவே வெள்ளை தெரிந்தால் ஒரு இலை. இலைக்கும் பூவுக்கும் நடுவே தெரிந்தால் ஒரு புள்ளி. ஜனங்கள் துணி நிறைய வேலை இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள். காலி இடத்தைக் கண்டால் ஏமாற்றிவிட்டான் என்பார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ‘மறக்க முடியாத மனிதர்’ என்று எழுதித் தரச் சொன்னார்கள். நான் யாராவது மந்திரியைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்து அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். மந்திரிகளை நான் எப்போதோ மறந்துவிட்டேன். நான் எழுதப்போவது ஒரு காலேஜ் பெண்ணைப் பற்றி. அரைப் பக்கம் போதாது. அவள் பெயரையும் எழுத மாட்டேன். அவள் என் பெயரை எழுதவில்லை, நானும் எழுதப் போவதில்லை. சரிக்குச் சரி.

ஒன்பது வருஷம் இருக்கும். பத்தொன்பது இருபது வயசுப் பெண், தோளில் துப்பாக்கி மாதிரி ஒரு கறுப்புக் குழாயை மாட்டிக்கொண்டு, இடது காலை நொண்டியபடி ஷெட்டுக்குள் வந்தாள். குழாய்க்குள் படங்கள். காலில் பேண்டேஜ்.

“கால்ல என்னம்மா?”

“ஃபுட்பாத் அங்கிள். தொம்மலூர்ல ஒரு ஸ்லாப் இல்ல. உள்ள போயிட்டேன்.”

“பார்த்து நடக்கக் கூடாதா?”

“பார்த்து நடந்திருந்தா எனக்கு ப்ராஜெக்டே கிடைச்சிருக்காது அங்கிள்.”

யூனிவர்சிட்டியில் துணி டிசைன் படிக்கிறாளாம். துணியில் அச்சடிக்கும் முதல் ப்ராஜெக்டாம். பெங்களூரிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துத் துணியில் கொண்டுவர வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் ஃபில்டர் காபி டம்ளர், ஆட்டோ, ரோட்டோரத்து ரோஸ் கலர் பூ மரம் என்று புத்திசாலித்தனமாகப் பிழைத்துக்கொண்டார்கள். இவள் எடுத்தது நடைபாதைக் கல். சாக்கடைக்கு மேலே வரிசையாகப் போட்டிருப்பார்களே, அந்தக் கல். படத்தை விரித்துக் காட்டினாள். கல், கல், கல். வேறொன்றும் இல்லை.

“நடுவுல கொஞ்சம் பூ போடும்மா” என்றேன்.

“பூவுக்கு என்ன ரீசன் அங்கிள்?”

“பூவுக்கு ரீசனா? பூன்னா பூதான்.”

“அப்போ வேணாம்.”

இதுதான் அவள். எதைச் செய்தாலும் அதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் ஒரு புள்ளி வைக்க மாட்டாள். காலேஜில் மூன்று பேர் உட்கார்ந்து ‘ஏன் இந்தக் கோடு, ஏன் இந்தக் கலர்’ என்று குடைவார்களாம். அதற்கு ஜூரி என்று பெயர். கொலைக் கேஸுக்குக்கூட இவ்வளவு கேள்வி கிடையாது. அந்தப் பயத்திலேயே இவள் தண்ணீர் குடிப்பதற்கும் காரணம் யோசிக்கிற பிறவியாகிவிட்டாள். “இன்னிக்கு ஏன் மஞ்சள் சட்டை?” என்று விளையாட்டாகக் கேட்டேன். மூன்று காரணம் சொன்னாள்.

என்னிடம் சாம்பல் கலரில் பதினாலு தினுசு இருக்கிறது. ஒன்றும் பிடிக்கவில்லை. மறுநாள் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவோடு வந்தாள். எங்கள் ஷெட்டில் பிரிண்ட் இழுக்கிறவன் ஏகாம்பரம். சாப்பாட்டு விஷயத்தில் வெட்கம் பார்க்காதவன். ஆசையாக டப்பாவைத் திறந்தான். உள்ளே ரோட்டு மண்.

“இன்னாம்மா இது?”

“அந்த ஸ்லாப்புக்குப் பக்கத்துல எடுத்தது. இந்தக் கலர் வேணும், அண்ணா.”

“எங்க வூட்டுக்காரி சமையல் எவ்வளவோ தேவலை” என்று டப்பாவை மூடினான் ஏகாம்பரம்.

ஆனால் அந்த மண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் உட்கார்ந்து கலர் சேர்த்தது யார்? நான். கறுப்பில் ஒரு துளி காவி, அரைத் துளி பச்சை. மண்ணும் சாயப் பசையும் ஒன்றாகிவிட்டன. அவள் அதைப் பார்த்தாள். “சூப்பர் அங்கிள்” என்று சொல்வாள் என்று நின்றேன். “பச்சை ஏன் அங்கிள்?” என்றாள்.

இன்னொரு நாள் அவளால் என் உற்பத்தியே நின்றது. ஸ்கிரீனை, அதாவது டிசைன் ஏற்றிய வலைச் சட்டத்தை, துணிமேல் வைத்து, ரப்பர் கட்டையால் சாயத்தை இழுத்து முடித்ததும், தூக்குவதற்கு முன்னால் ஏகாம்பரம் சட்டத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். இருபது வருஷமாகத் தட்டுகிறான்.

“அண்ணா, ஏன் ரெண்டு தட்டு தட்டறீங்க?”

ஏகாம்பரம் யோசித்தான். “எங்க மேஸ்திரி தட்டுவாரு.”

“அவர் ஏன் தட்டினார்?”

“அவரு செத்துட்டாரும்மா.”

அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எல்லாவற்றையும் எழுதும் நோட்டு ஒன்று உண்டு. தடி அட்டை போட்டது. அன்று முழுக்க ஏகாம்பரத்தின் கை சட்டத்துக்கு மேலே வந்து அந்தரத்தில் நின்றது. தட்டலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தான். தட்டாமல் தூக்கினான், ஒன்றும் ஆகவில்லை. தட்டித் தூக்கினான், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து, “அண்ணா, அந்தப் பொண்ண நாளைக்கு வரவாணாம்னு சொல்லு. எனக்கு மூச்சு விடறதுக்கே டவுட்டு வருது” என்றான்.

சொல்லியிருப்பேன். ஆனால் மறுநாள் அவள் வந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. முதல் துணியைக் காலேஜில் காட்டியிருக்கிறாள். நான் அடித்துக் கொடுத்தது. கல் கல்லாக, ஒரு நூல் விலகாமல், அழகாக. மேடம் பார்த்துவிட்டு, “இது பாத்ரூம் டைல்ஸ்” என்றாராம்.

எனக்குக் கோபம் வந்தது. “அந்த மேடம் நம்பர் குடு” என்றேன்.

“வேணாம் அங்கிள். அவங்க சொல்றதுல ரீசன் இருக்கு.” நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். “வெள்ளிக்கிழமை ஃபைனல் ஜூரி. இதுல போச்சுன்னா செமஸ்டர் போச்சு. அப்பா இப்பவே பி.காம் ஃபார்ம் வாங்கி டேபிள்மேல வெச்சிருக்கார். தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிட உக்கார்றேன்.”

அன்று திங்கள்கிழமை. கையில் இருந்த எல்லா வேலையையும் தள்ளி வைத்தேன். இதற்காக ஒரு தேர்தல் கொடி லேட்டானது. அவள் புதுசாக ஒரு கல் வரைந்தாள். உளி கொத்திய தழும்பு, ஒரு மூலையில் விரிசல், விரிசலில் ஒட்டிய காகிதக் கப்பின் மூடி. ஒரு ஸ்கிரீனுக்கு ஒரே கல். துணியின் அகலம் முழுக்க அந்தக் கல். அதை வரிசையாக அடித்துக்கொண்டே போனால் ஏழு மீட்டருக்கு ஒரு நடைபாதை. ‘இந்தத் தடவை பாத்ரூம் என்று சொல்ல முடியாது’ என்றேன். அவள் நோட்டைத் திறந்து எதையோ எழுதினாள். எதுவோ குறைகிறது, என்ன என்று தெரியவில்லை என்று நோட்டில் எழுதியிருந்ததை ஏகாம்பரம் எட்டிப் பார்த்துவிட்டான்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஸ்கிரீனைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அடிக்க முடியாது. முதல் கல் ஈரமாக இருக்கும். பக்கத்தில் சட்டத்தை வைத்தால் அதன்மேல் ஏறி ஈஷிவிடும். அதனால் ஒன்று விட்டு ஒன்று அடிப்போம். ஒன்றாம் இடம், மூன்றாம் இடம், ஐந்தாம் இடம் என்று கடைசிவரை போவோம். அது காய்ந்ததும் திரும்பி வந்து இரண்டு, நான்கு, ஆறு என்று விட்ட இடத்தை நிரப்புவோம். எல்லா ஷெட்டிலும் இப்படித்தான்.

புதன்கிழமை காலையில் ஒற்றைப்படைக் கற்களை அடித்து முடித்தோம். மழை. பசை காய மறுத்தது. ஃபேனைப் போட்டுவிட்டு நானும் ஏகாம்பரமும் சாப்பிடப் போனோம். அவள் பசிக்கவில்லை என்று டேபிள் பக்கத்திலேயே நின்றாள்.

திரும்பி வந்தோம். காய்ந்திருந்தது. ஏகாம்பரம் ஸ்கிரீனைத் தூக்கினான். அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு டேபிளுக்குக் குறுக்கே வந்தாள்.

“யாரும் தொடாதீங்க.”

“ஏம்மா, பாக்கி அடிக்க வேணாமா?”

“வேணாம். முடிஞ்சிடுச்சு.”

“எங்கம்மா முடிஞ்சுது? பாதி துணி காலியா இருக்கு!”

“அதான் அங்கிள். பாருங்க. ஸ்லாப் இருக்கு, ஸ்லாப் இல்ல. ஸ்லாப் இருக்கு, ஸ்லாப் இல்ல. இதான் நம்ம ஃபுட்பாத். நான் விழுந்தது கல்லுல இல்ல அங்கிள், கல் இல்லாத எடத்துல. நான் இத்தனை நாளா தப்பானதை வரைஞ்சிட்டிருந்தேன்.”

ஏகாம்பரம் ஸ்கிரீனைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். “இன்னாண்ணா செய்றது? கை வலிக்குது.”

எனக்கு உடம்பே கூசியது. முப்பது வருஷமாகக் காலி இடம் விடாதவன் நான். நைட்டியில் விட்டதில்லை, கொடியில் விட்டதில்லை, பாவாடைக் கரையில்கூட விட்டதில்லை. என் டேபிளிலிருந்து பாதி அடித்த துணி வெளியே போனால் பீன்யாவே சிரிக்கும். அப்பளம் பொரிக்கிறவன் பாதி மாவாகவே விற்றான் என்பார்கள். ‘நிரப்பிவிட்டுத்தான் தருவேன்’ என்றேன். அவள் நகரவில்லை.

“ஃபுல்லா அடிச்சா நான் ஃபெயில் அங்கிள். எனக்குத் தெரியும்.”

“இப்படியே எடுத்துட்டுப் போனா?”

“அதுவும் ஃபெயில் ஆகலாம். ஆனா அதுக்கு ரீசன் இருக்கு.”

நிஜமாகச் சொல்கிறேன், அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்தது. அந்த பேங்க் மேனேஜர் முன்னால் நானும் இப்படித்தான் நின்றேன். விட்டுக்கொடுத்தேன். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டேன்.

“எடுத்துட்டுப் போ. ஆனா என் பேரு இதுல எங்கயும் வரக் கூடாது. பீன்யான்னுகூட வாயத் திறக்காதே.”

அவள் நோட்டைத் திறந்தாள். “ரீசன்?”

“இந்த டேபிள்லேர்ந்து அரைகுறையா ஒரு துணி போச்சுன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது. அதான் ரீசன். எழுதிக்கோ.”

எழுதினாள். எனக்கு வாசித்தும் காட்டினாள். பிறகு பேனாவை நீட்டினாள். “ஒரு சைன் பண்ணிடுங்க அங்கிள்.” கோபத்தில் நான் போட்ட கையெழுத்து தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்திலும் விழுந்தது.

வெள்ளிக்கிழமை என் வேனிலேயே துணியைக் கொண்டுபோனேன். எல்லோரும் துணியைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். இவள் மட்டும் ஹாலின் நடுவே தரையில் விரித்தாள். கசங்கிய கதர் போட்ட மூன்று பேர், எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர்கள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் பாத்ரூம் மேடமும் உண்டு. நான் வாசல் ஓரமாக நின்றேன்.

“இதுல விளக்கம் இல்ல மேடம். நடந்து பாருங்க” என்றாள் அவள். காரணம் சொல்லியே பிழைத்த பெண், அன்றைக்கு ஒன்றுகூடச் சொல்லவில்லை.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியில் கால் வைத்தார். முதல் கல்லில் வைத்தார். அடுத்தது வெள்ளை. புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, எட்டி, அடுத்த கல்லில் காலை வைத்தார். அதற்கடுத்த வெள்ளையையும் தாண்டினார். பின்னால் வந்த இருவரும் அதேபோல் தாண்டினார்கள். அந்தப் பெரிய மனுஷர்களில் ஒருவர் குட்டையானவர். அவர் குதித்தே தாண்டினார். ஏழு மீட்டரும் முடிந்தபிறகு மேடம் திரும்பிப் பார்த்து, தான் என்ன செய்தோம் என்று புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டார். வெள்ளையில் ஒரு கால் தடம்கூட இல்லை.

அப்புறம் மாணவர்கள் நடந்தார்கள். யாரும் இல்லாதபோது நானும் நடந்து பார்த்தேன். அது வெறும் அடிக்காத துணி என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். கல் முடிந்ததும் என் கால் தானாக நீண்டது.

கைதட்டினார்கள். காலி இடத்துக்கு இங்கிலீஷில் நீளமான பெயர் ஒன்றைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். “யார் பிரிண்ட் பண்ணது?” என்று மேடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை, என் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நின்றேன். “பேர் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கார் மேடம்” என்றாள். அதே நேரத்தில் ஒரு பையன் என் முதுகைத் தட்டி, “டிரைவர் அங்கிள், வண்டிய ஸ்வல்ப நகத்துங்க, வழியை மறைக்குது” என்றான். நகர்த்தினேன். அவள் பாஸானாள். பி.காம் ஃபார்ம் என்ன ஆனது என்று கேட்க மறந்துவிட்டேன்.

போன மாசம் தொம்மலூரில் ஒரு கம்பெனிக்கு டி-ஷர்ட் டெலிவரி கொடுக்க நானே போனேன். பெரிய கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் வரவேற்பு ஹாலில், மேலிருந்து தரைவரை, கண்ணாடிக்குள் என் துணி. வெளிச்சம் வேறு போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கார்டு, முழுக்க இங்கிலீஷ். செக்யூரிட்டி நம் ஊர்ப் பிள்ளை, திருப்பத்தூர்க்காரன். அவனைப் படிக்கச் சொன்னேன். அவள் பெயரைப் படித்தான், அவள் என்னவெல்லாம் பரிசு வாங்கினாள் என்று படித்தான். கடைசி வரியில் நிறுத்தினான்.

“அச்சடிச்சவரு தன் பேரப் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாருன்னு போட்டிருக்கு சார். எவனோ கேஸ்ல மாட்டினவன் போல.”

வெளியே வந்து அவளுக்குப் போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். சந்தோஷப்பட்டாள், ஏகாம்பரம் இன்னும் தட்டுகிறானா என்று கேட்டாள். தட்டுகிறான் என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

“நீங்கதானே வேணாம்னீங்க அங்கிள். சைன் இருக்கு. நோட்டு பத்திரமா இருக்கு.”

“அப்ப சொன்னேன். இப்ப வேணும்ங்கறேன். அந்தக் காலி எடம் யாரோடது? நான் விட்டதுதானே?”

“அங்கிள், நீங்க நிரப்பறதுக்காக விட்டீங்க. நான் விடணும்னே விட்டேன். ரெண்டும் ஒண்ணா?” பிறகு அவளே இறங்கி வந்தாள். “நான் மாத்த மாட்டேன்னு சொல்லல. அன்னிக்கு வேணாம்னதுக்கு ஒரு ரீசன் குடுத்தீங்க. இப்ப வேணும்னதுக்கு ஒண்ணு குடுங்க. எழுதி அனுப்புங்க, கார்டை மாத்தச் சொல்றேன்.”

நான்கு நாள் காரணம் தேடினேன். அவள் கேட்டது நியாயம். நிறுத்தியது அவள்தான், நான் நிறுத்தியிருக்க மாட்டேன், நிரப்பித் தொலைத்திருப்பேன். ஐந்தாம் நாள் டேபிள் ஓரத்து இரும்பு ரெயிலைத் துடைக்கும்போது காரணம் கிடைத்தது. அந்த ரெயிலில் ஸ்கிரீன் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று வரிசையாகத் தடைக் கட்டைகள் முடுக்கியிருக்கும். அந்தக் கல்லுக்கு அவற்றை முடுக்கியது நான். ஏகாம்பரம் அல்ல, அவளும் அல்ல. நூல் பிடித்து, ஒரு காலைப்பொழுது முழுக்க, ஒவ்வொன்றாக. அதனால்தான் கல் எவ்வளவோ வெள்ளையும் அவ்வளவு. ஒரு விரற்கடையாகக் குறைந்திருந்தால் அது வெறும் கோடு. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் கூடியிருந்தால் வெறும் துணி, மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். மேடத்தின் காலைத் தூக்க வைத்தது அந்த அளவு. அவள் கண்டுபிடித்த பள்ளத்தை வெட்டி வைத்தவன் நான்.

இது என் காரணம். இந்த மலர் அச்சானதும் ஒரு பிரதி அவளுக்குப் போகும். ஏகாம்பரத்தின் பெயரையும் போட வேண்டும், எனக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில். “எனக்கெதுக்குண்ணா, கேஸ் கீஸ் வந்துடப் போவுது” என்கிறான்; அதைக் கேட்க வேண்டாம். அவள் பெயர் மேலே பெரிதாக இருக்கட்டும், எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டு, ‘அளவெடுத்து அச்சடித்தவர்’ என்று எழுதி, என் பெயரை இனிஷியலோடு முழுசாகப் போட வேண்டும். தமிழிலும் கன்னடத்திலும் போட வேண்டும். இங்கிலீஷில் மட்டும் போட்டால், என் பெயரை எனக்கு வாசித்துக் காட்டச் சொல்லி நான் அந்தச் செக்யூரிட்டியிடம்தான் மறுபடி போய் நிற்க வேண்டும்.